எழுதி வைக்காத பேரரசை நேரலையில் பார்ப்பது

இன்கா அரசர்கள் தங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கல்வெட்டு கிடையாது, செப்பேடு கிடையாது, ஏடு கிடையாது. இன்றைய கொலம்பியாவின் தெற்கு ஓரத்தில் தொடங்கி எக்வடோர், பெரு, பொலிவியா வழியாகச் சிலி, அர்ஜென்டினா வரை, ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டிச் சுமார் 4,000 கிலோமீட்டர் நீண்டு கிடந்த நாடு அது. சக்கர வண்டி இல்லை, இரும்பு இல்லை, காசும் இல்லை. ஆனாலும் 30,000 கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டார்கள், பஞ்ச காலத்துக்குக் களஞ்சியம் கட்டித் தானியம் சேர்த்தார்கள், எந்த ஊர் எத்தனை ஆளை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று கணக்கும் வைத்தார்கள்.

இவர்களைப் பற்றி நம்மிடம் உள்ள எழுத்துச் சான்று முழுவதும் ஸ்பானியர்கள் படையெடுத்த 1532க்குப் பிறகு வந்தது. ஒன்று, ஜெயித்த ஸ்பானியர்கள் எழுதியது. இல்லையென்றால், தோற்றவர்களின் பிள்ளைகள் ஜெயித்தவர்களின் மொழியில் எழுதியது. மற்றபடி மிச்சம் இருப்பவை கல், முடிச்சு, நூல், புல், கிழங்கு, அப்புறம் இவற்றை இன்றும் கையாளத் தெரிந்த மனிதர்கள். இப்படிப்பட்ட வரலாற்றைப் படித்துத் தெரிந்துகொள்வதில் ஓர் எல்லை உண்டு. யாராவது செய்துகாட்டினால்தான் பாதி விஷயம் புரியும்.

நேரலை மெய்நிகர் பயணம் இன்கா விஷயத்தில் நன்றாகப் பொருந்திவருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறார். நாம் வீட்டில் இருந்தபடி பார்க்கிறோம், "அந்த மூலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுங்கள்", "இன்னொரு தடவை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள்" என்று கேட்கிறோம். பதிவான படத்தில் கேமரா போன இடம்தான் நமக்கும். நேரலையில் கேமராவைத் திருப்பச் சொல்லலாம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலானவர்கள் இந்த வசதியைத் தேடிப் போவது, மலைமேல் இன்காக்கள் கட்டிய மச்சு பிச்சு என்ற ஊரைப் பார்க்க. நேரலை மிகக் குறைவாகப் பலன் தரும் இடம் அதுதான்.

இந்த வழக்கம் பரவியது பெருந்தொற்றுக் காலத்தில். 2020 மார்ச் நடுவில் பெரு தன் எல்லைகளை மூடியது. மச்சு பிச்சுவும் மூடப்பட்டு நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோ, சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர். வழிகாட்டிகளுக்கும் நெசவாளர்களுக்கும் வருமானம் ஒரே வாரத்தில் நின்றுபோனது. அந்த ஏப்ரலில், தங்குமிடம் பதிவு செய்யும் ஏர்பிஎன்பி தளம் "இணையவழி அனுபவங்கள்" என்ற நேரலைச் சேவையைத் தொடங்கியது. அமேசானும் எக்ஸ்ப்ளோர் என்ற பெயரில் அதேபோல் ஒரு சேவையைக் கொண்டுவந்தது. ஹேகோ என்ற தளத்தில் பார்ப்பவர்கள் இலவசமாகச் சேர்ந்து, பிடித்திருந்தால் வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுத்தார்கள். விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் கூட்டம் குறைந்தது. எக்ஸ்ப்ளோர் 2022இலும் ஹேகோ 2023இலும் மூடப்பட்டன. வழிகாட்டிகள் விட்டுவிடவில்லை. இப்போது பலர் தாங்களே சிறு குழுக்களுக்கு வீடியோ அழைப்பிலும், யூடியூப் நேரலையிலும் நடத்துகிறார்கள். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. யூடியூபில் நம் கேள்வி வழிகாட்டிக்குப் போய்ச் சேரும்போது அவர் பத்தடி தாண்டி நடந்திருப்பார். வீடியோ அழைப்பில் உடனே நின்று திரும்புவார்.

மச்சு பிச்சுவுக்கு வருவோம். அங்கே குறித்த தடங்களில் ஒரு திசையில்தான் நடக்க முடியும். முக்காலி, செல்ஃபி குச்சி, டிரோன் எதற்கும் அனுமதி இல்லை. பின்னால் கூட்டம் நெருக்கும். ஓர் இடத்தில் நின்று பேச நேரம் இருக்காது. கைபேசி சிக்னலையும் நம்ப முடியாது. அதனால் அந்த இடத்துக்கு 2015இல் வெளியான கூகுள் ஸ்ட்ரீட் வியூவே மேல். ஆள் நெருக்கடி இல்லாமல், விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் நிற்கலாம். அப்படிப் பார்க்கும்போது சூரியக் கோயிலையே பார்த்துக்கொண்டிருக்காமல் படிக்கட்டு ஓரமாக வரிசையாக இறங்கும் நீர்த்தொட்டிகளைக் கவனியுங்கள். மொத்தம் 16. மலைச்சரிவில் உள்ள ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கால்வாயில் தண்ணீரைக் கொண்டுவந்து, ஒரு தொட்டியில் விழுந்தது அடுத்ததற்கு ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். கென்னத் ரைட் என்ற நீரியல் பொறியாளர் அளந்து கணக்கிட்டதில், அந்த ஊரைக் கட்டச் செலவான உழைப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு மண்ணுக்கடியில், அஸ்திவாரத்திலும் வடிகாலிலும் போயிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் சரிவில் அந்த ஊர் இன்னும் நழுவாமல் நிற்க அந்த வேலைதான் காரணம். எந்தக் கேமராவும் அதைக் காட்டாது.

பின்னணி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குஸ்கோ பள்ளத்தாக்கில் சிறு அரசாக இருந்தவர்கள் 15ஆம் நூற்றாண்டில் பச்சாகுதி என்ற அரசரின் காலத்தில் வேகமாக விரிந்தார்கள். அவருடைய மகன் துபாக் யுபாங்கி, பேரன் வாய்னா காப்பாக் இருவரும் அதை எக்வடோர் வரை கொண்டுபோனார்கள். வாய்னா காப்பாக் இறந்தபின் வாஸ்கார், அதாவல்பா என்ற இரண்டு மகன்களுக்கும் வாரிசுச் சண்டை. அதில் அதாவல்பா ஜெயித்த கையோடு பிரான்சிஸ்கோ பிசாரோ என்ற ஸ்பானியத் தளபதி 168 ஆட்களுடன் வந்து, 1532 நவம்பர் 16 அன்று கஹமார்க்காவில் அவரைப் பிடித்தார். ஓர் அறை நிறையத் தங்கத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டே அவரைக் கொன்றார்கள். எஞ்சிய இன்காக்கள் வில்கபாம்பா காட்டுக்குள் 1572 வரை தாக்குப்பிடித்தார்கள். பேரரசாக அவர்கள் வாழ்ந்தது சுமார் நூறு ஆண்டுகள்தான்.

இந்தக் கணக்கிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பச்சாகுதி 1438இல் பட்டத்துக்கு வந்தார் என்ற தேதி ஸ்பானியர் காலத்து நூல்களிலிருந்து கணித்தது. மச்சு பிச்சுவைக் கட்டியவர் அவர்தான் என்பதால் அது 1440க்குப் பிறகு எழுந்தது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2021இல் ரிச்சர்ட் பர்கர் என்ற தொல்லியலாளரின் குழு அங்கே புதைக்கப்பட்ட 26 பேரின் எலும்பையும் பல்லையும் கார்பன் காலக்கணிப்புக்கு உட்படுத்தியது. சுமார் 1420லேயே அங்கே ஆள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எலும்பு ஒன்று சொல்கிறது, ஏடு இன்னொன்று சொல்கிறது. இன்கா வரலாற்றில் இது அடிக்கடி நடக்கும்.

நேரலைக்கு ஏற்ற இடம் குஸ்கோவின் தெருக்கள். 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். வழிகாட்டி சான் பிளாஸ் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவது மைக்கில் கேட்கும். கீழே பிளாசா டி அர்மாஸ் சதுக்கம். இன்கா காலத்தில் இந்த இடத்தில் பசிபிக் கடற்கரையிலிருந்து மனிதர்கள் சுமந்துவந்த மணலைப் பரப்பியிருந்தார்கள் என்று போலோ டி ஒண்டெகார்டோ என்ற ஸ்பானிய அதிகாரி எழுதியிருக்கிறார். அந்த மணலை அள்ளித் தேவாலயக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தச் சொன்னவரும் அவரே. வழிகாட்டியிடம் சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் காட்டும்போது இன்னொரு காட்சியையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இறந்துபோன இன்கா அரசர்களின் பதப்படுத்திய உடல்களைப் பட்டாடைபோல் நெய்த துணி உடுத்தி, பெரிய திருவிழாக்களில் இதே சதுக்கத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக உட்காரவைப்பார்கள். அவர்களுக்கு முன்னால் சோளக் கள்ளும் உணவும் படைப்பார்கள். அவர்கள் சார்பில் பேசுவதற்கென்றே ஆட்கள் உண்டு.

இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அரசர் செத்தாலும் அவருடைய அரண்மனையும் நிலமும் வேலையாட்களும் அவர் பெயரிலேயே தொடர்ந்தன. அவற்றைப் பராமரித்தது அவருடைய வழிவந்த குடும்பம். பட்டத்துக்கு வரும் மகனுக்கு அதிகாரம் உண்டு, சொத்து கிடையாது. தனக்கென்று நிலம் வேண்டும் என்றால் புதிய நாட்டைப் பிடிக்க வேண்டியதுதான். இன்காக்கள் அத்தனை வேகமாக விரிந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஸ்பானியர்கள் இந்த உடல்களைத் தேடி அலைந்தார்கள். 1559இல் அதே போலோ பலவற்றைக் கண்டுபிடித்தார். சில லிமாவுக்கு அனுப்பப்பட்டன. பிற்பாடு அவை காணாமல் போயின.

சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஹாதுன் ருமியோக் தெரு. பன்னிரண்டு மூலைக் கல் அங்கேதான் இருக்கிறது. எல்லா வழிகாட்டிகளும் அதன் முன்னால் நின்று மூலைகளை எண்ணிக் காட்டுவார்கள். எண்ணி முடித்ததும் விட்டுவிடாதீர்கள். கேமராவைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. கல்லின் நடுப்பகுதியில் கட்டைவிரல் நுனி அளவுக்குக் குழிகள் தெரியும். இணைப்புக் கோட்டை நெருங்க நெருங்கக் குழிகள் சிறுத்து நெருக்கமாகிக்கொண்டே போகும். உளித் தடம் எதுவும் இல்லை. இந்தக் குழிகளை வைத்துத்தான் ழான் பியர் புரோட்சன் என்ற கட்டடக்கலை ஆய்வாளர் வேலை எப்படி நடந்தது என்று கண்டுபிடித்தார். 1980களில் பழைய குவாரிகளில் கிடந்த கடினமான உருண்டைக் கற்களை எடுத்து அவரே தட்டிப் பார்த்தார். பெரிய கல்லால் தட்டி முகத்தைச் சமன் செய்வது, விளிம்பு உடைந்துவிடாமல் இருக்கச் சிறிய கல்லை எடுத்துக்கொள்வது, மேல் கல்லை வைத்துப் பார்ப்பது, எடுப்பது, மறுபடி தட்டுவது. இதற்கு ரகசியக் கருவி எதுவும் வேண்டாம். ஆள் வேண்டும், நாள் வேண்டும். பேரரசுக்கு வரியாகக் கிடைத்ததே மனித உழைப்புதான் என்பதால் இரண்டுக்கும் பஞ்சம் இல்லை.

2025 பிப்ரவரியில் ஓர் ஆள் இரவில் வந்து இந்தக் கல்லை உலோகக் கருவியால் அடித்துச் சில சில்லுகளைப் பெயர்த்துவிட்டான். அந்தக் காயத்தையும் இப்போது கேமராவில் பார்க்கலாம்.

அங்கிருந்து லோரெட்டோ சந்துக்கு நடக்கச் சொன்னால் வேறு வகைச் சுவர் வரும். அங்கே கற்கள் எல்லாம் செங்கல் அடுக்கியதுபோல நேர்வரிசை. கொஞ்சம் தள்ளிக் கோரிகாஞ்சா, சூரியக் கோயில். அதன்மேல் ஸ்பானியர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே 21 அன்று வந்த நிலநடுக்கத்தில் மடத்தின் சுவர்கள் இடிந்தன, உள்ளே மறைந்திருந்த இன்கா சுவர்கள் நின்றன. அவை உள்பக்கமாகச் சாய்ந்து எழுவதும், கதவும் மாடமும் மேலே குறுகி இருப்பதும் இதற்கு உதவியிருக்கின்றன. பிளாசா டி அர்மாஸ் சதுக்கத்தில் உள்ள பேராலயத்துக்குள் மார்கோஸ் சாபாதா வரைந்த கடைசி இராவுணவு ஓவியம் இருக்கிறது. இயேசுவின் முன்னால் தட்டில் வறுத்த சீமைப்பெருச்சாளி (கினிப்பன்றி). உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லாததால் அதை மட்டும் நேரலையில் பார்க்க முடியாது.

உணவைப் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. இங்கே ஒன்றே ஒன்று. சான் பெத்ரோ சந்தைக்குள் போனால் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாகவும், கூழாங்கல்போலக் கறுப்பாகவும் மூட்டைகளில் ஒன்று குவிந்திருக்கும். அது உருளைக்கிழங்குதான், பெயர் சூன்யோ. வற்றல் போட நாம் வெயிலை மட்டும் நம்புகிறோம். ஆண்டிஸ் மக்கள் பனியையும் சேர்த்துக்கொண்டார்கள். இரவில் உறையவிட்டு, பகலில் உருகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மறுபடி உறையவிட்டு, காயவைத்தால் பல ஆண்டுகள் கெடாது. இன்கா களஞ்சியங்கள் நிரம்பியிருந்தது இப்படிப்பட்ட சரக்கால். அதைக் கையில் எடுத்து உடைத்துக் காட்டச் சொல்லுங்கள்; எடையே இருக்காது.

இனி சின்செரோ. குஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய நெசவு ஊர். நேரலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இன்கா நாட்டில் எனக்குத் தெரியவில்லை. நெசவாளர் ஒரு வேரைத் துருவித் தண்ணீரில் போட்டுக் கலக்குவார்; நுரை பொங்கும். அழுக்கு ஆட்டுரோமத்தை அதில் முக்கி எடுத்தால் வெளுத்துவிடும். பிறகு சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியை ஒன்றிரண்டு உள்ளங்கையில் வைத்து நசுக்குவார். சாம்பல் நிறத்தில் பொடிபோல இருந்தது ரத்தச் சிவப்பாகும். அதில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் ஆரஞ்சு. காரத்தன்மை உள்ள உப்பைத் தூவினால் ஊதா பக்கம் போகும். ஒரே உள்ளங்கையில், ஒரு நிமிடத்துக்குள். கேமரா கைக்கு அருகில் இருப்பதால், நேரில் கூட்டத்தோடு நிற்பவரைவிட நமக்கு நன்றாகத் தெரியும்.

தறி என்று பெரிதாக எதுவும் இல்லை. பாவின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பைச் சுற்றிய வாரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உடம்பைப் பின்னால் சாய்த்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். இழைகளை எடுக்கவும் அடித்து நெருக்கவும் லாமா என்ற ஒட்டக இன விலங்கின் எலும்பில் செய்த கூர்க்கருவி. வரைபடம் எதுவும் பார்ப்பதில்லை. எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்பது விரலுக்குத் தெரியும். "இந்த வரிசையில் எத்தனை இழை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு கணம் நிறுத்தி எண்ணிப் பார்ப்பார்கள்.

இன்கா அரசில் துணிக்கு இருந்த மதிப்பு தங்கத்துக்கு இல்லை. படைவீரனுக்குத் துணி கொடுத்தார்கள், தோற்ற தலைவனைத் தம் பக்கம் இழுக்கத் துணி கொடுத்தார்கள், தெய்வத்துக்குத் துணியை எரித்துப் படைத்தார்கள். சாதாரணத் துணியை எல்லாக் குடும்பங்களும் நெய்தன. கும்பி எனப்படும் உயர்ந்த ரகத்தை அதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட பெண்களும், தனித் தேர்ச்சி பெற்ற ஆண்களும் நெய்தார்கள். ஸ்பானியர்கள் களஞ்சியத்தில் தங்கம் தேடியபோது அங்கே அடுக்கடுக்காகத் துணி இருந்ததைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சின்செரோவில் நடக்கும் செய்முறைகளில் பல, சுற்றுலாப் பயணிக்காகவே ஒத்திகை பார்த்தவை. முன்னால் இயற்கைச் சாயம் காட்டிவிட்டுப் பின்னால் ஆலை நூலில் நெய்த சால்வையை விற்பதும் உண்டு. லாமாவின் உறவு விலங்கான அல்பாக்காவின் இளம் ரோமம் என்று அக்ரிலிக்கை விற்பது ஊரறிந்த விஷயம். 1996இல் நில்டா கயனாவ்பா என்ற சின்செரோ நெசவாளர் தொடங்கிய குஸ்கோ மரபு நெசவு மையம் போன்ற அமைப்புகள் பழைய முறையைக் கறாராகக் காப்பாற்றுகின்றன. நெய்தவரின் பெயரைத் துணியில் போடுகிறார்கள்.

நூலில் இருந்து முடிச்சுக்குப் போவது ஓர் எட்டுதான். இன்கா நிர்வாகம் கணக்கு வைத்தது கிப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில். ஒரு முதன்மைக் கயிறு, அதிலிருந்து தொங்கும் பல கயிறுகள், அவற்றில் முடிச்சுகள். லேலண்ட் லாக் என்ற அமெரிக்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் எண் முறையைக் கண்டுபிடித்தார். 352 என்று பதிய வேண்டுமா? கயிற்றின் மேல்பகுதியில் மூன்று ஒற்றை முடிச்சு, நடுவில் ஐந்து ஒற்றை முடிச்சு, கீழே இரண்டு சுற்றுச் சுற்றிய ஒரு நீள முடிச்சு. பத்தின் இடமோ நூறின் இடமோ காலியாக இருந்தால் அதுவே பூஜ்யம். ஒன்றாம் இடத்தில் ஒன்று வந்தால் மட்டும் எட்டு வடிவ முடிச்சு, ஏனென்றால் நீள முடிச்சை ஒரே சுற்றில் போட முடியாது. நேரலையில் வழிகாட்டியை ஒரு கயிற்றை எடுத்து உங்கள் பிறந்த ஆண்டை முடிச்சாகப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

எண்ணுக்கு அப்பால்தான் புதிர். ஆயிரத்துக்கு மேற்பட்ட கிப்புகள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மிகப் பெரிய தொகுப்பு பெர்லினில். அவற்றில் சில எண் முறைக்கு அடங்கவில்லை. கதையோ பெயரோ பதிந்திருக்கலாம் என்கிறார்கள். ஹார்வர்டில் கேரி அர்ட்டன் 2002இல் தொடங்கிய தரவுத்தொகுப்பு, ஒவ்வொரு முடிச்சின் திசையையும் கயிற்றின் நிறத்தையும் பதிந்து ஒப்பிட வழி செய்தது. சபின் ஹைலண்ட் என்ற மானிடவியலாளர் சான் ஹுவான் தெ கொயாத்தா என்ற மலைக் கிராமத்தில் ஊர்ப் பெரியவர்கள் பெட்டியில் பூட்டிப் பாதுகாத்த இரண்டு கிப்புகளைப் பார்த்தார். அவை கடிதங்கள் என்று ஊரார் சொன்னார்கள். பல மிருகங்களின் ரோமம் கலந்து முறுக்கியவை; எந்த மிருகம் என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது, தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். திரை இந்த இடத்தில் தோற்றுப்போகிறது.

தொடாமலேயே முழுசாகப் பார்க்கக்கூடிய ஒன்று கெஸ்வாசாக்கா. அபூரிமாக் ஆற்றின் மேல் புல்லால் கட்டிய தொங்குபாலம், நீளம் சுமார் 28 மீட்டர். ஆண்டுதோறும் ஜூன் மாதம் நான்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் கோயா என்ற மலைப்புல்லை அறுத்து, நனைத்து, கல்லால் தட்டி, மெல்லிய கயிறாகத் திரித்துக் கொண்டுவர வேண்டும். திரிப்பது பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் அவற்றைச் சேர்த்து முறுக்கித் தொடை தடிமனுக்கு வடமாக்குகிறார்கள். நான்கு வடம் நடக்கும் தளத்துக்கு, இரண்டு கைப்பிடிக்கு. முதல் நாள் மலைத் தெய்வங்களுக்குப் படையல், கடைசி நாள் ஆட்டமும் விருந்தும். 2013இல் யுனெஸ்கோ இந்த அறிவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2020இல் தொற்று காரணமாகக் கூட முடியவில்லை, ஓர் ஆண்டு விட்டுப்போனது. 2021இல் பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனில் இரு கரைக்கும் இடையே முதலில் ஒரு கயிற்றை எறிந்து மறுபடி தொடங்கினார்கள்.

இந்தப் பாலத்தில் இன்கா காலத்துப் புல் ஒரு இழைகூட இல்லை. இருந்தாலும் இன்கா சாலைகளில் இருந்த தொங்குபாலங்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று பொறியாளர்கள் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இங்கிருந்துதான்.

வழிகாட்டிகள் சொல்லும் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் முறையாகப் படித்து உரிமம் பெற்றவர்கள். ஆனாலும் டிப்ஸ் வாங்கும் தொழிலில் சுவையான கதைக்கு எப்போதும் ஒரு இழுப்பு இருக்கும். மச்சு பிச்சு "தொலைந்த நகரம்" என்பார்கள். 1911 ஜூலை 24 அன்று ஹைராம் பிங்கம் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே போனபோது அவருக்கு வழிகாட்டியவர் மெல்சோர் ஆர்த்தியாகா என்ற உள்ளூர் விவசாயி. மேலே இரண்டு குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. அதற்கு ஒன்பது ஆண்டுக்கு முன்பே அகுஸ்தின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் தன் பெயரைச் சுவரில் எழுதிவிட்டுப் போயிருந்தார். "சூரியக் கன்னியரின் ஊர்" என்பார்கள். பிங்கம் எடுத்த எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்று அன்று ஒரு நிபுணர் சொன்னதால் பிறந்த கதை அது. ஜான் வெரானோ என்ற மானிடவியலாளர் மறுபடி ஆராய்ந்தபோது ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதி என்று தெரிந்தது. குஸ்கோ பூமா வடிவில் கட்டப்பட்டது என்று வரைபடம் காட்டுவார்கள். பழைய நூல்களில் அப்படி ஒரு குறிப்பு இருக்கிறது, ஆனால் அது உவமையாகச் சொன்னது என்பது பல அறிஞர்கள் கருத்து. ஜூன் 24 அன்று சக்சாய்வாமான் கோட்டையில் நடக்கும் இன்டி ரைமி சூரியத் திருவிழாவைத் தொலைக்காட்சியிலேயே நேரலையில் பார்க்கலாம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது 1944இல் கார்சிலாசோ டி லா வேகா என்ற பழைய வரலாற்றாசிரியரின் வர்ணனையை வைத்து மீண்டும் உருவாக்கிய மேடை நிகழ்ச்சி. அந்தக் கோட்டையின் அடியில் கிடக்கும் 100 டன்னுக்கு மேற்பட்ட கற்கள் அசல்.

கதைகளைச் சலித்துப் பார்க்க நல்ல துணை வாமன் போமாவின் கையெழுத்துப் பிரதி. இன்காக்களின் மொழியான கெச்சுவாவைப் பேசும் பிரபு குடும்பத்தில் பிறந்த இவர், ஸ்பானிய அரசருக்கு அனுப்புவதற்காக ஏறக்குறைய 1,200 பக்கத்தில் ஒரு நீண்ட முறையீட்டை எழுதி 1615 வாக்கில் முடித்தார். அதில் 398 முழுப்பக்கப் படங்கள். கிப்புக் கணக்கர், அஞ்சல் ஓட்டக்காரர், களஞ்சியம், உருளைக்கிழங்கு நடவு எல்லாம் அவர் கையாலேயே வரைந்தது. மூலப் பிரதி கோபன்ஹேகனில் டென்மார்க் அரச நூலகத்தில் இருக்கிறது. 2001 முதல் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நேரலைக்கு முன்னால் அதில் பத்துப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் கேட்பதற்குக் கேள்வி தானாக வரும்.

நேரத்தைப் பொறுத்தவரை நமக்கு வசதிதான். பெரு இந்தியாவைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறது, கோடைக்கால நேர மாற்றமும் அங்கே கிடையாது. குஸ்கோவில் காலை 8 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 6.30, சிங்கப்பூரில் இரவு 9. டொரொண்டோவில் குளிர்காலத்தில் அதே நேரம், கோடையில் ஒரு மணி கூடுதல். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. சிக்னலும் படமும் கெடும். மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும்.

பணத்தில் கவனம் வேண்டும். தளம் வழியாகச் சேர்ந்தால் கட்டணத்தில் ஒரு பங்கு தளத்துக்குப் போகும். செய்துகாட்டும் நெசவாளருக்கோ சந்தைக்காரருக்கோ தனியாக ஏதாவது போகிறதா என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சங்கடப்பட வேண்டியதில்லை, நல்ல வழிகாட்டி கேட்காமலே சொல்வார். ஒல்லாந்தாய்தாம்போ என்ற பழைய இன்கா ஊர், சின்செரோ பக்கம் போவதாக இருந்தால் கெச்சுவா பேசுகிற வழிகாட்டியா என்றும் கேட்க வேண்டும். பெருவில் 2017 கணக்கெடுப்பில் சுமார் 37 லட்சம் பேர் கெச்சுவாவைத் தாய்மொழியாகச் சொன்னார்கள், ஆனால் கேமரா பிடிக்கும் எல்லோருக்கும் அது தெரியும் என்று சொல்ல முடியாது. வயதான நெசவாளரிடம் ஸ்பானிய மொழியில் கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். கெச்சுவாவில் கேட்டால் அவர் கதையே சொல்வார், வழிகாட்டி மொழிபெயர்க்கத் திணறுவார்.